கடிதத்தோடு வந்த இருட்டு

மின்வெட்டு என்றால் மழை, காற்று, டிரான்ஸ்பார்மர் பழுது என்று காரணம் சொல்லிப் பழகியவர்கள் நாம். கணினி வழியே திருடன் புகுந்து மின்சாரத்தை நிறுத்தியதும் உண்டு. நம் கல்லாப்பெட்டிக்கும் அதில் பாடம் இருப்பதால் இங்கே எழுதுகிறோம்.

2015 டிசம்பர் 23 பிற்பகல். மேற்கு உக்ரைனில் மின் விநியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், ஊழியர் கை வைக்காமலே திரையில் மவுஸ் அம்பு நகர்ந்தது. ஒவ்வொரு துணை மின்நிலையமாக இணைப்பைத் துண்டித்துக்கொண்டே போனது. அன்று மூன்று நிறுவனங்கள் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. புகார் சொல்ல முடியாதபடி தொலைபேசியிலும் பொய் அழைப்புகளைக் குவித்தனர். ஆட்கள் வண்டியேறிப் போய்க் கையால் சுவிட்சைப் போட்ட பிறகே, 1 முதல் 6 மணி நேரத்தில் வெளிச்சம் வந்தது. கணினி வந்ததும் பேரேட்டைப் பரணில் போட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

திருடன் நுழைந்த வழி என்ன? பல மாதங்களுக்கு முன் அலுவலகத்துக்கு வந்த சாதாரண மின்னஞ்சல்தான். இணைப்பைத் திறந்தால், 'மேக்ரோவை அனுமதிக்கவும்' என்று கேட்டது; யாரோ அனுமதித்தார். நமக்கும் 'விலைப்பட்டியல்', 'பாக்கி விவரம்' என்று தினமும் வருகிறதே! சந்தேகம் வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் முன்பே உள்ள எண்ணில் மொத்த வியாபாரியை அழைத்துக் கேட்க வேண்டும். பில் போடும் கணினியில் மின்னஞ்சல் பார்க்கவே கூடாது என்பது நம் கருத்து. கணக்கின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வைக்கவும்.

இப்போது சிலர் கடை வாசலில் மின்வண்டி சார்ஜர் வைக்க விரும்புகிறார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யாவின் மாஸ்கோ–செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் வேலை செய்யாமல், திரையில் அரசியல் வாசகங்களைக் காட்டின. பாகங்கள் தந்த உக்ரைன் நிறுவனம் தூரத்திலிருந்து இயக்கும் வழியை வைத்திருந்ததாக, அவற்றை நடத்திய நிறுவனமே கூறியது. ஆகவே வாங்கும்போதே, 'இதற்குள் வேறு யார் நுழைய முடியும்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். பில் கணினி இருக்கும் வைஃபையில் சார்ஜரைச் சேர்க்காதீர்கள்.

பிரிட்டனில் சார்ஜர்களின் மேல் போலி க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிப் பணம் பறித்தனர். 2025 ஜனவரியில் கஜுராஹோவில் கடைகளின் ஸ்டிக்கரையே இரவில் மாற்றிவிட்டார்கள். கதவு திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, யார் பெயர் வருகிறது என்று கவனித்த பிறகு முதல் போணியைத் தொடங்கலாம்.