செல்விக்கு: அணு ஆயுதப் போர் வருமா?

அன்புள்ள செல்விக்கு,

அணு ஆயுதப் போர் வருமா என்று கேட்டிருந்தாய். வரும், வராது என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களை நம்பாதே. ஒரு தலைவர் உட்கார்ந்து யோசித்து, திட்டம் போட்டு அதைத் தொடங்கும் வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். பதற்றமான ஒரு நாளில், தவறான தகவலை நம்பி, யோசிக்க நேரமில்லாமல் தொடங்கிவிடும் வாய்ப்புதான் என்னை அஞ்ச வைக்கிறது. இதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்கோ ரஷ்யாவுக்கோ போக வேண்டியதில்லை.

2022 மார்ச் 9, மாலை நேரம். பராமரிப்புப் பணியின்போது நம் விமானப்படையின் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறிக் கிளம்பிவிட்டது. ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். எல்லையைக் கடந்து 124 கிலோமீட்டர் உள்ளே போய், பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்த நாட்டு வான்வெளியில் அது இருந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. ஆனால் ராடார் திரையில் வேகமும் திசையும்தான் தெரியும். முனையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. தவறு நடந்துவிட்டது என்று நம் அரசு பகிரங்கமாகச் சொன்னது மார்ச் 11 அன்று. ஆகஸ்டில் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். எல்லை அமைதியாக இருந்த நாள் என்பதால் தப்பித்தோம். இதே ஏவுகணை 2019இல் பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள் கிளம்பியிருந்தால், அல்லது இரு நாடுகளும் மோதிக்கொண்ட 2025 மே 7 முதல் 10 வரையிலான நான்கு நாட்களில் கிளம்பியிருந்தால், எதிரே ராடார் முன் இருந்தவர் என்ன முடிவெடுத்திருப்பார்?

இரு பக்கமும் குண்டு இருப்பதால்தான் பெரும்போர் வரவில்லை, நாகசாகிக்குப் பிறகு எண்பது ஆண்டுகளாக யாரும் அதை எடுக்கவில்லையே என்று உன் வகுப்பில் யாராவது வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. அச்சம் தலைவர்களின் கையைக் கட்டும். பழுதான கருவியின் கையைக் கட்டாது. 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது. பணியில் இருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெட்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவுசெய்தார். எண்பது ஆண்டு அமைதியில் இப்படிப்பட்டவர்களின் நிதானமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார். ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு ஆபத்து என்று வைத்துக்கொள் (உண்மை எண் யாருக்கும் தெரியாது, இது கணக்குக்காக). உன் ஆயுளில் எழுபது ஆண்டுகளுக்கு அது ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஆகிவிடும். ஓராண்டில் அற்பமாகத் தெரிவது ஓர் ஆயுளில் அற்பமில்லை.

குண்டு விழுந்தால் டெல்லியிலும் லாகூரிலும் விழும், நம் திண்டுக்கல்லுக்கு என்ன என்ற கேள்வியும் வரும். எரியும் நகரங்களின் கரிப்புகை உயரே ஏறி வெயிலை மறைத்தால் பயிர் விளைச்சல் உலகம் முழுவதும் விழும். 2022இல் 'நேச்சர் ஃபுட்' இதழில் வெளியான ஆய்வு, இந்தியா–பாகிஸ்தான் அணு ஆயுதப் போரால் 200 கோடிக்கும் மேற்பட்டோர் சாகக்கூடும் என்று கணித்தது. பட்டினிதான் முதல் காரணம். புகை அவ்வளவு உயரம் போகாது என்று மறுக்கும் விஞ்ஞானிகளும் உண்டு. அவர்கள் சொல்வதே சரியென்று வைத்தாலும், நம் ரேஷன் கடைக்கு வரும் கோதுமை பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா பக்கம் விளைவது. போர்க்களமாகப் போவதும் அந்த வயல்கள்தான். ஐப்பசி மழையை நம்பிக் கிணற்றடியில் வெங்காயமும் தக்காளியும் போடும் வேடசந்தூர் விவசாயிக்கோ, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவருக்கோ இது தொலைதூரச் செய்தி இல்லை.

அப்படியானால் நாம் மட்டும் குண்டுகளைக் கீழே போட்டுவிடுவதா? நான் அதைக் கேட்கவில்லை. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003இல் நம் அரசு வெளியிட்ட கொள்கையைத் தளர்த்தாமல் காப்பதும், தவறுகளுக்கு வேலி கட்டுவதும் போதும் என்கிறேன். பரபரப்பில்லாத வேலை அது, ஆனால் நடக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988இல் செய்த ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

சாதாரண மக்களால் என்ன ஆகும் என்று சோர்ந்துவிடாதே. அப்போது அரசுப் பதவி எதிலும் இல்லாத ராஜாஜி, 83 வயதில், 1962 செப்டம்பர் 28 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்து அணு குண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டார். மூன்று வாரத்துக்குள் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் போனதால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். பலர் விடாமல் கேட்டார்கள், அவர்களில் அவரும் ஒருவர்.

இன்று கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 2005 ஒப்பந்தம் பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. 2007இல் செய்த ஒப்பந்தம் அணு ஆயுத விபத்தை உடனே தெரிவிப்பதற்கானது. பிரமோஸ் குரூஸ் வகை, தவறிப்போனதில் அணு ஆயுதமும் இல்லை. அதனால் இரண்டிலும் அது அடங்கவில்லை. உனக்கு ஓட்டு வந்ததும், திண்டுக்கல் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளர்களிடம், எந்த ஏவுகணை தவறிக் கிளம்பினாலும் அடுத்த நிமிடமே மறுபக்கத்துக்குச் சொல்லும் ஒப்பந்தம் ஏன் இல்லை என்று கேள். பதில் வரும்வரை கேள்.

அன்புடன்,
உன் சித்தப்பா