ஈரல் நோயின் கள்ளக் கூட்டாளி



கடையின் சரக்கிருப்பை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கிறோம். உடம்பின் இருப்பை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் சிலரே. கல்லீரலோ எளிதில் முறையிடாத உறுப்பு. ஹெபடைடிஸ் பி என்னும் கிருமி அதில் பல்லாண்டு குடியிருந்தாலும் வலி தெரியாது. மஞ்சள் காமாலையும் காணாமலிருக்கலாம். அந்தக் கிருமி உள்ளவரைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு கிருமியைக் குறித்து இங்கே அறிந்து கொள்வோம். அதன் பெயர் டெல்டா. ஹெபடைடிஸ் டி என்றும் சொல்வர்.

டெல்டா என்பது யாது?

1977-ஆம் ஆண்டில் இத்தாலியின் டூரின் நகரில், மரியோ ரிசெட்டோ என்னும் மருத்துவர் பி நோயாளிகளின் ஈரலில் இதன் அடையாளத்தைக் கண்டார். முதலில் பி கிருமியின் ஒரு பகுதி என்றே எண்ணினார்கள். அது தனிக் கிருமி என்பது பின்னரே தெளிவாயிற்று. இதற்குச் சொந்த மேலுறை கிடையாது. பி கிருமியின் உறையைப் போர்த்திக் கொண்டே ஓர் ஈரல் அணுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுகிறது. பிறர் கடையின் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்பவனுக்கு ஒப்பானது. ஆகவே பி இல்லாதவரிடம் டெல்டா வேரூன்றாது.

இரண்டு வழிகள்

இரண்டு கிருமிகளும் ஒரே வேளையில் புகுந்தால், நோய் கடுமையாயினும் வயது வந்தோரிற் பெரும்பாலார் இரண்டினின்றும் மீள்கின்றனர். முன்பே பி குடியிருக்கும் உடலில் டெல்டா பின்னர் வந்து சேருவதே பெரிய ஆபத்து. அப்போது பெரும்பாலும் அது நிலைத்துவிடும். ஈரல் சுருங்கி இறுகும் நோய், பி மட்டும் உள்ளவரைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வரும். ஈரற் புற்றுநோயும் மிகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நெடுநாள் பி உள்ளவருள் 100-க்கு ஏறக்குறைய 5 பேரிடம் டெல்டாவும் உண்டு. மங்கோலியாவில் இந்த விகிதம் மிக அதிகம்.

மாத்திரை போதாதா?

"பி-க்கு மாத்திரை சாப்பிடுகிறோமே!" என்று சிலர் கேட்பர். டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் பி பெருகுவதைத் தடுக்கும். ஆனால் அதன் உறை உண்டாவதை நிறுத்துவதில்லை. டெல்டாவுக்கு வேண்டியது அந்த உறை மட்டுமே. ஆதலால் மாத்திரை அதைத் தீண்டாது. டெல்டாவுக்கு இன்டர்பெரான் ஊசி உண்டு. ஈரல் அணுவுக்குள் கிருமி நுழையாமல் வாசலை அடைக்கும் புலெவர்டைட் என்னும் ஊசிமருந்துக்கு 2020-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மாத்திரையை மட்டும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

அச்சமும் வெட்கமும்

பி உள்ளவர் பலர் அதை மறைக்கின்றனர். ஒரே சஹனில் உடன் உண்ண மாட்டார்களே என்ற வெட்கமே காரணம். இந்த அச்சம் வீண். உடன் உண்பதாலோ, கை குலுக்குவதாலோ இவை பரவா. இரத்தத்தாலும் உடலுறவாலுமே பரவும். பி கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் செல்லும். ஒருவர் சவரம் செய்த கத்தி, பிளேடு, பல்துலக்கி, சுத்திகரிக்காத ஊசி ஆகியவற்றையே விலக்க வேண்டும். முடிதிருத்தும் கடையில் புதிய பிளேடு கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நாம் செய்ய வேண்டியவை

1. மலேசியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி 1989-இல் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்த நாமும் கடைப் பணியாளரும் பி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம்.

2. பி இல்லையென்று தெரிந்து, எதிர்ப்புச் சக்தியும் இல்லையெனில் தடுப்பூசி போட்டுக்கொள்வோம். பி-யைத் தடுத்தால் டெல்டாவும் தடுக்கப்படும்.

3. பி உண்டென்று தெரிந்தால், "டெல்டாவும் பார்த்தீர்களா?" என்று வைத்தியரை நாமே கேட்போம். முதலில் எதிர்ப்பொருள் சோதனை. அது இருந்தால் கிருமி உயிரோடிருக்கிறதா என்று காட்டும் மற்றொரு சோதனை.

4. மனைவி மக்களையும் பரிசோதிக்கச் செய்வோம்.

பரிசோதனைச் சீட்டைக் கடைக் கணக்கோடு பத்திரப்படுத்துவோம். அதுவும் நம் முதலின் கணக்கே.