மே மாத வானத்தில் பறக்கப் போகிறவருக்கு

கோடையில் டிவி வானிலைச் செய்தி கேட்டு வளர்ந்த யாருக்கும் 'வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை' என்ற வரி மனப்பாடமாக இருக்கும். தரை சூடேறுகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடேறி, இலேசாகி, மேலே கிளம்புகிறது. அதில் ஈரம் இருந்தால் உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. ஈரமும் சூடும் மிஞ்சினால் அதே மேகம் வளர்ந்து இடிக்கிறது. பாராகிளைடிங் பைலட்டுகள் 'தெர்மல்' என்று தேடி அலைவதும் இந்த எழுகாற்றைத்தான். இன்ஜினே இல்லாத ஒரு துணிச் சிறகு இரண்டு ஆட்களைச் சுமந்துகொண்டு அரை மணி நேரம் மலைக்கு மேலே சுற்றுவது அதன் தயவில்.

காலை பத்து மணிக்குத் தூக்கிவிடும் காற்றே பிற்பகல் இரண்டு மணிக்கு ஆபத்தாகிறது என்பதால், 'இன்று மழை வருமா?' என்று கேட்பதில் பெரிய பயனில்லை. எத்தனை மணிக்கு வரும் என்று பார்க்கத் தெரிய வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த மணிக்கணக்குதான். தனியாகப் பறக்கக் கற்றுக்கொள்பவருக்கு இது போதாது. அவருக்குப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. பைலட்டோடு சேர்ந்து டேண்டமில் முதல்முறை பறக்கப் போகிறவருக்கும், லீவு விட்டதும் மலை, அருவி, கடல் என்று கிளம்புகிறவருக்கும் உதவும்.

ஊரும் தேதியும்

ஹிமாச்சலில், காங்ரா மாவட்டத்துப் பீர்-பில்லிங்கை எடுத்துக்கொள்வோம். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். பில்லிங் சுமார் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்மேடு. அங்கே கிளம்பி, ஏறத்தாழ 900 மீட்டர் கீழே இருக்கும் பீர் கிராமத்தில் இறங்குவார்கள். முதுகுப் பக்கம் தௌலாதார் மலைத்தொடர். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலம் என்பதால் மாநில அரசு பறக்கத் தடை போட்டிருக்கிறது. மே மாதத்தில் தடை இல்லை. ஆனால் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஒரு காற்றுச் சுழற்சி வந்து சேர்ந்துவிட்டால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஆலங்கட்டி மழையும் இடியுமாக ஊரே முடங்கிவிடும்.

ஆகவே பீருக்குப் போனால் மூன்று நாளாவது தங்குவதுபோலத் திட்டம் போடுங்கள். பறப்பதை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் இன்னும் இரண்டு காலைகள் கையில் இருக்கும். ஊர் திரும்பும் நாளில் பறக்க முன்பதிவு செய்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்தான் 'கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்களேன்' என்று பைலட்டை நச்சரிக்கிறார்.

பக்கத்திலேயே வேண்டும் என்றால் இடுக்கி மாவட்டத்து வாகமன் இருக்கிறது. அங்கே சர்வதேச பாராகிளைடிங் விழாக்கள் மார்ச் மாதத்தில் நடந்திருக்கின்றன. ஏப்ரல் பாதிக்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிற்பகல் இடிமழை வாடிக்கையாகிவிடும் என்பதால், வாகமனுக்கு மார்ச்சுக்குள் போய்விடுவதே என் யோசனை.

ஈரத்தை அளக்க ஒரு சின்னக் கணக்கு. காற்றை எவ்வளவு குளிர்வித்தால் பனித்துளி படியத் தொடங்குமோ அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். வானிலைச் செயலிகள் அதையும் காட்டும். தரையின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125ஆல் பெருக்கினால், திரள்மேகத்தின் அடிப்பாகம் தரையிலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கும் என்பது சுமாராகக் கிடைக்கும். 30 டிகிரி வெப்பம், 14 டிகிரி பனிநிலை என்றால் 2000 மீட்டர். 30க்கு 22 என்றால் வெறும் 1000 மீட்டர். வித்தியாசம் குறையக் குறைய மேகம் தாழ்வாக இருக்கும், பறக்க இடமும் சுருங்கும். நாளும் சீக்கிரமே கெட வாய்ப்பு அதிகம்.

முந்தைய இரவு

மூன்று செயலிகள் போதும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியில் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பாருங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் பறக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். சிவப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 'விண்டி'யில் காற்றின் சராசரி வேகத்தைவிட, திடீரென்று எகிறும் வேகத்தைக் கவனியுங்கள். மணிவாரியாகப் பார்த்தால் எத்தனை மணிக்கு மழை நிறம் தொடங்குகிறது என்பதும் தெரியும். மலைப்பகுதியில் கணிப்பு இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போகும் என்பதால், அது மூன்று மணி என்று சொன்னால் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தாமினி' மின்னலுக்கான செயலி; இதை மறுநாள் பகலில்தான் பார்க்க வேண்டியிருக்கும், இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் போய் வரும்.

காலையில் வானம்

விடிந்ததும் போய்ப் பறந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். அப்போது டேக்-ஆஃப் மேட்டில் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும். பாராகிளைடர் எதிர்க்காற்றில் மட்டுமே கிளம்பும். வெயில் சரிவைச் சூடாக்கி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலேறத் தொடங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை முதல்முறை பறப்பவருக்கு ஏற்ற நேரம். அதன் பிறகு தெர்மல்கள் வலுத்துவிடும். அனுபவசாலிகள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். உங்களுக்கு அது வயிற்றைப் புரட்டும் ஆட்டம்.

காத்திருக்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கே நடு உயரத்து மேகங்களில் சின்னச் சின்னக் கோபுரங்கள் முளைத்திருந்தால், அன்று பிற்பகல் இடி நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் பஞ்சு மேகங்கள் உருவாகும். அகலம் அதிகமாகவும் உயரம் குறைவாகவும், அடிப்பாகம் தட்டையாகவும், இடையிடையே நீல வானமாகவும் இருந்தால் நல்ல நாள். உயரம் அகலத்தைத் தாண்டி, ஓரங்கள் காலிஃபிளவர் போல் கெட்டியாகத் திரண்டு, அடிப்பாகம் கறுக்கத் தொடங்கினால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கால் மணிக்கு ஒருமுறை ஒரே திசையில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி போட்டோக்களை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

டேக்-ஆஃப் மேட்டில்

காற்றுப் பையைப் பாருங்கள். அது இல்லாத இடம் என்றால் மரங்களைப் பாருங்கள். இலைகளும் சிறு கொப்புகளும் விடாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகம். புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது. பாராகிளைடர் சாதாரணமாகப் பறக்கும் வேகமே மணிக்கு 35 முதல் 38 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று 30 ஆனால் சிறகு ஊர்ந்துதான் போகும். 40 ஆனால் பின்னோக்கித் தள்ளப்படும், மலைக்குப் பின்னால் இருக்கும் சுழல்காற்றுக்குள். சராசரி வேகத்தைவிட ஏற்ற இறக்கம்தான் மோசம்: பத்துக்கும் இருபத்தைந்துக்கும் மாறி மாறித் தாவும் காற்றைவிடச் சீராகப் பதினெட்டில் வீசும் காற்று எவ்வளவோ மேல்.

பணம் கட்டும் முன்பே பைலட்டிடம் கேட்க வேண்டியவை: மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த அட்டை இருக்கிறதா, ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா, வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா. மூன்றாவது கேள்வி பணத்துக்காக மட்டுமல்ல. திருப்பித் தர மாட்டேன் என்கிறவருக்கு, சந்தேகமான காற்றிலும் பறந்தே ஆக வேண்டிய நெருக்கடி இருக்கிறது. நான் கேட்காமலே 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லும் பைலட் கிடைத்தால், மறுநாள் அவரிடமே போவேன்.

ஹார்னஸ் மாட்டும்போது தொடைப் பட்டை இரண்டும் நெஞ்சுப் பட்டையும் பூட்டியிருக்கின்றனவா என்று நீங்களும் கையால் இழுத்துப் பாருங்கள். கிளம்பும்போது ஓடச் சொன்னால், கால் தரையை விட்ட பின்னும் ஓடிக்கொண்டே இருங்கள். பாதியில் உட்கார்ந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. எடை முழுவதும் பைலட் மேல் விழும். குதிக்கவும் கூடாது. கீழே எத்தனை வெயில் அடித்தாலும் ஜாக்கெட் வேண்டும், ஏனென்றால் ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும், போதாததற்கு முகத்தில் காற்று. கணுக்காலை மூடும் ஷூ, முழு பேன்ட். பீரில் காலை உணவுக்கு நெய் ஒழுகும் ஆலு பராட்டா கிடைக்கும். அதைப் பறந்து இறங்கிய பின் சாப்பிடுங்கள்.

எப்போது கீழே இருக்க வேண்டும்

இடிமேகம் தலைக்கு மேல் வந்த பிறகு இறங்கலாம் என்பது நடக்காத காரியம். பாராகிளைடர் சாதாரணமாக விநாடிக்கு ஒரு மீட்டர் போல இறங்கும். ஓரங்களை மடித்து வேகமாக இறக்கினாலும் இரண்டு மூன்று மீட்டர். இடிமேகத்துக்குள் எழுகாற்று விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டக்கூடியது. 2007 பிப்ரவரி 14 அன்று, ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில், அங்கே அது கோடைக்காலம், உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த எவா விஸ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை அப்படியொரு மேகம் உறிஞ்சி 9,946 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்டைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். நினைவிழந்து, பனி மூடி, பிறகு நினைவு திரும்பி உயிரோடு இறங்கினார். அதே நாள் அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார். இருவருமே தேர்ந்த பைலட்டுகள்.

இன்னொன்று, மேகம் தொலைவில் இருப்பதாலேயே நிம்மதி கொள்ள முடியாது. இடிமழை பெய்யும் இடத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து நாலாபக்கமும் பாயும். பத்து இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் திடீரென்று மோதும். புழுக்கம் சட்டென்று நின்று மண்வாசனையோடு சில்லென்று காற்று வந்தால் நமக்கெல்லாம் சுகம். டேக்-ஆஃப் மேட்டில் அது சிறகைச் சுருட்டி மடிக்க வேண்டிய நேரம்.

பறக்க முடியாத நாளில்

மலையேற்றத்துக்கும் இதே மணிக்கணக்குதான், ஆனால் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். கோடையின் முதல் பாதியில் காய்ந்த புல்லும், பிற்பாதியில் இடியும்தான் நம் மலைகளின் கவலை. வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி, எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே குழுவோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு முகட்டில் யாரும் இருக்கக் கூடாது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர், நடுவே உப்புப் போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கூட வருகிறவர் குழறிப் பேசினாலோ, தடுமாறினாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

அருவியில், நீங்கள் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்துப் பயனில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் பெய்ததுதான் கீழே வந்து சேர்ந்தது. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ துணிமணியை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். ஓடை போகும் போக்கில் ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

கடலில் இன்னும் ஏமாற்று வேலை நடக்கும். காற்றே இல்லாத, பளிச்சென்ற நாளில் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகுதொலைவில் புயல் கிளப்பிய நீளமான அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து கன்னியாகுமரிக் கரையில் ஏறும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படியான எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. குமரிப் பக்கம் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் அலையில் கால் வைக்க வேண்டாம்.

இடி கேட்டால்

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் கேட்டால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடிகளை ஏற்றிய காருக்குள். தனிமரம், முகடு, திறந்த கூரைக் கொட்டகை, தண்ணீர் எதுவும் உதவாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். இடையில் ஒன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து முப்பது. காட்டில் சிக்கிக்கொண்டால், உயரம் குறைந்த மரக்கூட்டத்துக்கு நடுவே, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது.

இந்தியாவில் ஆண்டுதோறும் 2000 பேருக்கு மேல் மின்னலில் இறக்கிறார்கள். அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, தாராளமாகத் தொடலாம். மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை.