‘ரன்’ என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று பாலர் வகுப்பிலேயே கற்றோம். கடிகாரம், பேருந்து, திரைப்படம் ஆகியவை இரு மொழிகளிலும் ஓடுகின்றன. ஆனால், அங்கே ‘ரன்’ ஆகும் மூக்கு நம் தமிழில் ஒழுகுகிறது. துணியின் சாயம் போகிறது. கடையை ‘ரன்’ செய்பவர் கடை நடத்துகிறார். விந்தை யாதெனில், அமெரிக்கத் தேர்தலில் ‘ரன்’ செய்பவர், அதாவது ஓடுபவர், பிரிட்டனிலும் தமிழகத்திலும் ‘நிற்கிறார்’!

இவ்வொரு வினைச்சொல்லுக்கே ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி 600க்கு மேற்பட்ட பொருள்களை வகுத்துள்ளது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாரால் இயலும்? ஆகவே தோழியரே, மொழிபெயர்க்கும்போது சொல்லைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டாம். எது ஓடுகிறது, எதை ஓட்டுகிறார், எங்கே ஓடுகிறார் என அண்டைச் சொற்களைக் கேட்போம். அவையே பொருளைச் சொல்லிவிடும்.