திறவுகோலுக்கு விலை பேசுதல்

கணினியிலுள்ள ஏடுகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்கும் கள்வர் இக்காலத்துத் தோன்றியுள்ளனர். அவர்தம் நிரலை ரான்சம்வேர் என்பர். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் இவ்வாறு முடங்கின. நோயாளர் பதிவு முதலியன பல நாள் கையெழுத்தாலேயே நடைபெற்றன. இத்தகையோரோடு பேச நேரின் மனம் இயங்கும் வகையை ஈண்டுச் சுருக்கி ஆராய்வாம்.

கள்வரின் முதற் கருவி அவசரம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் நிரல் 300 டாலர் கேட்டது. மூன்று நாள் கழியின் தொகை இரட்டிக்கும் என்றும், ஏழு நாள் கழியின் ஏடுகள் மீளா என்றும் அச்சுறுத்திற்று. காலம் சுருங்கச் சிந்தனையும் சுருங்கும். ஆதலின், பேசுவோர் முதற்கண் ஈட்டவேண்டுவது காலமே.

இரண்டாவது, முதலிற் கூறும் விலை. 2020-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைத் தாக்கியோர் 30 இலட்சம் டாலர் கேட்டனர். பல்கலைக்கழகத்தார் 7,80,000 தர இசைந்தனர். ஈற்றிற் கொடுத்தது ஏறத்தாழ 11,40,000. பெருந்தொகையை முன்னர்க் கேட்ட செவிக்குப் பின்வருவது சிறிதாகவே தோன்றும்.

மூன்றாவது, நம்பிக்கை. ஓரிரு ஏடுகளை விலையின்றித் திறந்து காட்டிக் கள்வர் நாணயமுள்ள வணிகர்போல் நடிப்பர். 2024-இல் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்காக 2 கோடியே 20 இலட்சம் டாலர் கொடுத்த பின்னரும், வேறொரு கூட்டத்தார் அத்தரவுகளைக் காட்டி மிரட்டினர்.

இனி, பேசுவோர் யார்? இழந்தோர் தாமே பேசின் அச்சம் சொல்லில் வெளிப்படும். 2000-ஆம் ஆண்டு வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கவர்ந்தபோது, நக்கீரன் கோபால் முதலியோர் தூது சென்றனர். முடிவு செய்யும் பொறுப்பு அரசுகளிடம் இருந்தது. 108 நாட்குப்பின் ராஜ்குமார் உயிரோடு மீண்டார். முடிவு செய்வோர் வேறு, பேசுவோர் வேறு ஆயின், “கேட்டுச் சொல்வோம்” என்னும் ஒரு சொல்லே காலத்தை ஈட்டித் தரும்.

ஆயினும், பணிவுக்கும் துணிவுக்கும் அடிப்படை ஒன்றே: நம்மிடம் வேறு படி உண்டா என்பது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் தம் தேர்தல் விதிகளைக் கல்லிற் பொறித்தனர்; கணக்குக் காட்டாதாரையும் விலக்கினர். குடத்திலிட்ட ஓலைகள் மறைந்தன, கல் நிற்கின்றது. இன்று நம் சிற்றூர்களின் பட்டாவும் கூட்டுறவுக் கடன் கணக்கும் கணினியில் உள்ளன. வலையோடு இணையாத படியொன்றை நாள்தோறும் எடுத்து வைப்போர்க்குத் திறவுகோலை விலை பேசவேண்டுவதில்லை. தரவை வெளியிடுவோம் என்னும் மிரட்டல் எஞ்சினும், பணி முடங்கும் என்னும் அச்சம் அவரிடம் இல்லை.