ஊராட்சியின் வரவும் எழுத்தரின் பொறுப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை குடவோலைத் தேர்தலுக்குச் சான்று என்பதை நாம் அறிவோம். ஊர்க்கணக்கு எழுதுவோனைப் பற்றியும் அங்கே விதி உண்டு என்பதைப் பலர் கருதுவதில்லை. நேர்மையாகப் பொருளீட்டுபவனே கணக்கு எழுதுதல் வேண்டும்; தான் எழுதியதைத் தானே ஒப்புவித்தல் வேண்டும்; ஒப்புவித்து, தூயவன் எனப் பெரியோர் ஏற்கும் வரை அவன் மீண்டும் அப்பணியில் அமர்தல் ஆகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தேர்தலில் இடம் பெறவும் இயலாது.

அச்சபை நிலமும் கல்வியும் உடைய ஆடவர் சிலருக்கே உரியதாக இருந்தது. இன்றைய கிராம சபையோ, ஊரின் வாக்காளர் அனைவருக்கும் உரியது. ஆகவே, கணக்குக் கேட்கும் உரிமையும் அனைவருக்கும் உரியதே. கேட்க வேண்டுமாயின், முதலில் அறிதல் வேண்டும்.

வரவு வரும் வழிகள்

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடைபெறும் கிராம ஊராட்சிக்கு வருவாய் மூன்று வழிகளில் வருகிறது.

முதலாவது, சொந்த வருவாய். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சந்தைக் குத்தகை, மீன்பாசிக் குத்தகை முதலியன இதில் அடங்கும்.

இரண்டாவது, அரசு வசூலித்து ஊராட்சிக்கு ஒதுக்கும் வருவாய். சொத்து கைமாறும்போது முத்திரைத் தீர்வையுடன் பெறப்படும் கூடுதல் தீர்வை இவ்வகையினது.

மூன்றாவது, மானியம். மாநில நிதி ஆணையமும் மத்திய நிதி ஆணையமும் பரிந்துரைக்கும் தொகைகள் இவை. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்குமே கட்டுப்பட்டது. எஞ்சிய 40 பங்கே ஊரின் பிற தேவைகளுக்கு உரியது. அதனையும் சம்பளத்திற்குச் செலவிடல் ஆகாது.

சொந்த வருவாயின் அருமை இங்கேதான் விளங்கும். ஓர் உதாரணம் கொள்வோம். ஓர் ஊரில் 500 வீடுகள். வீடொன்றுக்கு ஆண்டு வரி 200 ரூபாய். கேட்பு ஒரு லட்சம் ரூபாய். 300 வீட்டார் மட்டுமே செலுத்தினால் வசூல் 60,000, நிலுவை 40,000. அறுவடைக்கு முன் வயலுக்குச் செல்லும் வழியில் சிறுபாலம் இடிந்துவிடுகிறது. அதனைச் செப்பனிட 90,000 ரூபாய் தேவை. குடிநீருக்கென வந்த பணம் வங்கியில் இருந்தும் அதனைத் தொடுதல் ஆகாது. நெல் ஏற்றிய வண்டி நின்றுவிடுகிறது. வரி செலுத்தாதவருக்கும் செலுத்தியவருக்கும் நட்டம் ஒன்றே.

எழுத்தர் செய்ய வேண்டியவை

சட்டப்படி ஊராட்சியின் நிர்வாக அதிகாரி தலைவரே. முன்னர் எழுத்தர் என்றும் உதவியாளர் என்றும் வழங்கப்பட்டு, இன்று ஊராட்சிச் செயலர் எனப்படுபவர், அவர்தம் வலக்கரம் போன்றவர். அவருடைய கடமைகளுள் தலையாயவை இவை:

1. வீடுதோறும் கேட்பு, வசூல், நிலுவை ஆகியவற்றைப் பதிவேட்டில் வைத்தல்.
2. பெற்ற ஒவ்வொரு தொகைக்கும் உடனே இரசீது தருதல். தொகையைத் தாமதமின்றி ஊராட்சிக் கணக்கில் செலுத்துதல்.
3. ரொக்கப் பதிவேட்டை அன்றன்றே எழுதுதல். வங்கிக் கணக்குடன் ஒப்பிடுதல்.
4. கூட்டத் தீர்மானங்களைப் பேசியவாறே பதிதல்.
5. தணிக்கைக்கு வேண்டிய ஆவணங்களை ஒழுங்காக வைத்திருத்தல்.

காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிடுவது, ஒருவர் பிழையை மற்றொருவர் காண்பதற்கே. படியாமல் இடும் கையொப்பம் அந்நோக்கத்தை அழித்துவிடும். மன்றத்தின் காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பேற்கும் நாளிலும் பதிவேட்டின் கடமை மாறுவதில்லை.

எழுத்தர்மீது குறை சொல்லுதல் எளிது. அவர் ஒருவரே வரி வசூலித்து, கணக்கெழுதி, குடிநீர்க் குழாய்ப் புகாரும் கேட்டு, அலுவலகம் தோறும் அலைய வேண்டியிருப்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் எழுதுவதை மாதந்தோறும் உறுப்பினர் பார்வையிட்டால் நேர்மையான எழுத்தருக்கு அது காவல். அல்லாதவருக்கு அது கடிவாளம்.

நம் பங்கு

உழவர் ஒருவர் நெல் விற்ற பணத்தில் வரி செலுத்துகிறார். இரசீது வாங்காமல் வீடு திரும்புகிறார். பதிவும் விடுபடுகிறது. மறு ஆண்டு நிலுவை என அறிவிப்பு வருகிறது. அவரிடம் காட்டுதற்கு ஒன்றுமில்லை. ஆகையால், இரசீதின்றிப் பணம் தருதல் வேண்டா. இணைய வழியிற் செலுத்தினும் இரசீதை எடுத்து வைத்தல் வேண்டும்.

2022 முதல் கிராம சபைக் கூட்டம் ஆண்டிற்கு ஆறு முறை என அறிவிக்கப்பட்டது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று வினாக்கள் கேட்போம்: கேட்பு எவ்வளவு? வசூல் எவ்வளவு? வங்கியில் உள்ள தொகையில் எப்பணிக்கும் செலவிடத்தக்கது எவ்வளவு?

இம்மூன்றிற்கும் பதிவேட்டைத் திறந்து உடனே விடை கூறும் ஊராட்சியே நல்ல ஊராட்சி. கேட்பதற்கு முன், நம் வீட்டு வரி செலுத்தப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வோமாக.