கிடைக்கலைன்னா, கிடைக்கலைன்னே எழுதுங்க

ஜிபிஎஸ் வைத்து விளையாடும் புதையல் வேட்டைதான் ஜியோகேச்சிங். ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். அந்த டப்பாவுக்குப் பெயர் கேச். மற்றவர்கள் அங்கே போய்த் தேடணும். கிடைத்தால், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, இணையத்திலும் 'கிடைத்தது' என்று லாக் போடணும். அவ்வளவுதான் ஆட்டம்.

கிடைக்காமல் போனால்? அதற்கும் ஒரு லாக் இருக்கிறது. 'டிட் நாட் ஃபைண்ட்', சுருக்கமா டிஎன்எஃப். இதைப் போடத்தான் பலருக்கு மனசு வராது.

முதலில், ஏன் கிடைக்காமல் போகுது என்று பார்ப்போம். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேணும்னே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. செலக்டிவ் அவைலபிலிட்டி என்று அதற்குப் பெயர். 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அந்த மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அரசு அதை நிறுத்தியது. உடனே மே 3-ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. (பீன்ஸ் எதுக்குன்னு கேக்காதீங்க.) சில நாட்களிலேயே மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். ஆட்டம் பிறந்தது இப்படித்தான்.

கலந்த பிழை போச்சு, ஆனா பிழையே இல்லாம போகல. திறந்த வெளியில் ஒரு சாதாரண போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் காட்டும். மரத்தடியிலோ உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ இன்னும் மோசம், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். ஒளித்தவர் போனில் 5 மீட்டர், உங்க போனில் 5 மீட்டர், இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் 10 மீட்டர். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். அதற்குள் நீங்க தேடுவது, விரல் நுனி அளவுள்ள, காந்தத்தால் ஒட்டிய ஒரு குப்பியாகக்கூட இருக்கலாம். கிடைக்காததில் வெட்கப்பட என்ன இருக்கு?

ஆனா வெட்கப்படுறாங்க. 'நான் ஒழுங்கா தேடியிருக்க மாட்டேன், இதைப் போய் எழுதணுமா' என்று நினைத்து லாக் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இதனால் என்ன ஆகும் என்று ஒரு உதாரணம் பாருங்க. ஆற்றங்கரையில் ஒரு கேச், மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்தடுத்து ஐந்து பேர் வந்து தேடிவிட்டுச் சும்மா போகிறார்கள். பக்கத்தில் கடைசியாக இருப்பது மூன்று மாசத்துக்கு முந்தைய 'கிடைத்தது' லாக். அதை நம்பி ஆறாவது ஆள் இரண்டு குழந்தைகளோடு 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறார். ஓனருக்கோ டப்பா போனதே தெரியாது. டப்பாவில் சென்சார் எதுவும் கிடையாது, தேடுகிறவர்கள் எழுதும் லாக்தான் அவருடைய ஒரே சென்சார். ரீடிங் வரலைன்னா, எல்லாம் சரியா இருக்குன்னுதான் அவர் நினைப்பார்.

ஒவ்வொரு கேச்சுக்கும் 1 முதல் 5 வரை கடினத்தன்மை மதிப்பு உண்டு. 1.5 உள்ள கேச்சில் வரிசையாக மூன்று டிஎன்எஃப் என்றால், டப்பா காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். 5 உள்ள கேச்சில் பத்து டிஎன்எஃப் வந்தாலும் அது சகஜம். அதனால் உங்க ஒரு லாக் தனியாக எதையும் நிரூபிக்காது. மற்றவர்களுடையதோடு சேரும்போதுதான் அதற்கு மதிப்பு. இதே காரணத்தால், ஒரே ஒரு தடவை கிடைக்காததற்காக 'ஓனர் வந்து பார்க்கணும்' என்று புகார் எழுப்புவதும் அவசரம்தான்.

லாக்கில் என்ன எழுதலாம்? எவ்வளவு நேரம் தேடினீங்க, வெளிச்சம் இருந்ததா, புதர் வளர்ந்திருக்கா, பக்கத்தில் கட்டட வேலை நடக்குதா, இதெல்லாம் உபயோகமான தகவல். 'மட்டமான இடம், நேரம் வேஸ்ட்' என்பது தகவலே இல்லை. பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பி வந்தால், அதை டிஎன்எஃப் என்று போடலாமா என்பதில் சண்டையே நடக்கும். என் கருத்து: தேடவே இல்லைன்னா அது வெறும் குறிப்பு, டிஎன்எஃப் இல்ல.

தேடும்போதும் ஒரு எல்லை வேணும். கிடைக்கலைங்கிற கடுப்பில் கல்லைப் புரட்டி, கிளையை ஒடித்து, மண்ணைத் தோண்டுறவங்க உண்டு. கேச்சைப் புதைத்து வைக்கக் கூடாது என்பது விதி, அதனால் தோண்டவே தேவையில்லை. பிரிட்டன் கிராமங்களில் சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் நிறைய. அதில் ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கல்லும் ஆடும். டப்பா ஏற்கெனவே தொலைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இல்லாத ஒன்றுக்காக வருகிற ஒவ்வொருவரும் இன்னொரு கல்லை உருவுவார்கள்.

கெட்ட பழக்கம் இன்னும் இரண்டு இருக்கு. ஒன்று, த்ரோடவுன். கிடைக்கவில்லை என்றதும் பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்து அங்கே போட்டுவிட்டு 'கிடைத்தது' என்று லாக் போடுவது. ஓனரிடம் கேட்காமல் செய்யும் இந்த உதவியால், பழைய டப்பாவும் அங்கேயே இருந்தால் ஒரே இடத்தில் இரண்டு ஆகிவிடும். யார் எதைக் கண்டுபிடித்தார் என்று யாருக்கும் புரியாது. இன்னொன்று, போகாமலோ பார்க்காமலோ 'கிடைத்தது' என்று போடுவது. இது நம்ம லேபில் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங் எழுதும் கலை மாதிரி. ரெக்கார்ட் நோட்டில் இருப்பதை நம்பி யாரும் பாலம் கட்டப்போவதில்லை என்பதால் அங்கே தப்பித்துவிடுகிறோம். இங்கே அதை நம்பி ஒருத்தர் கிளம்பி வருவார்.

நிஜமாவே விடை தெரியணும்னா ஓனருக்கு மரியாதையா ஒரு மெசேஜ் அனுப்பலாம். எங்கெல்லாம் பார்த்தீங்க என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு க்ளூ வரும். வந்த க்ளூவை லாக்கில் போட்டு உடைச்சிடாதீங்க.

அடுத்த தடவை போய் கேச் கிடைத்துவிட்டால், பழைய டிஎன்எஃப்-ஐ அழிக்க வேண்டாம். அதை 'கிடைத்தது' என்று திருத்தவும் வேண்டாம். புது லாக்காகப் போடுங்க. இரண்டும் வரிசையாக இருந்தால்தான், இது முதல் தடவையிலேயே கண்ணில் படாத டப்பா என்று அடுத்து வருபவர் தெரிந்துகொண்டு, கொஞ்சம் கூடுதல் நேரத்தோடு கிளம்புவார்.